வெர்லின் திருத்திய துப்பாக்கி

சர்ச்சிலிருந்து வந்த கையோடு ஆர்டித் நிலவறைக்கு இறங்கிப் பெரிய ஃப்ரீசரைத் திறந்தாள். மதியச் சமையலுக்கு மான்கறி வேண்டும். சோளப் பைகளுக்கும் போன நவம்பரில் அடித்த மானின் தொடைக்கறிப் பொட்டலங்களுக்கும் நடுவில், அவளுடைய நல்ல குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு துப்பாக்கி படுத்திருந்தது.

அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. இந்த வீட்டில் ஆச்சரியப்படுகிற காலமெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. வந்தது எரிச்சல்தான்.

"வெர்லின்!"

"மூடு, மூடு! குளிர் போயிடும்!" என்று கத்திக்கொண்டே அவள் கணவன் படியிறங்கி வந்தான். முட்டி வலிக்காரன், ஒரு காலை முன்னால் வைத்து மறுகாலை அதோடு சேர்த்துத்தான் இறங்குவான். இன்றைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

"இது எதுக்கு இங்க கெடக்கு?"

"ஒட்டிக்கிச்சு."

"எது எதோட?"

"இரும்பு கட்டையோட."

ஆர்டித் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கூடவே வாழ்ந்தவளுக்கு மிச்சக் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. குறி தவறாமல் சுட வேண்டுமென்றால் துப்பாக்கியின் இரும்பு உடம்பு, தோளில் அணைத்துப் பிடிக்கிற கட்டைக்குள் இம்மியும் ஆடாமல் உட்கார வேண்டும். அதற்காக இடுக்கில் பசைக் கலவையை ஊற்றி, இரும்பை அதன் மேல் அழுத்தி, இறுகவிடுவார்கள். இறுகிய பிறகு இரும்பு கழன்று வர வேண்டும் அல்லவா? அதனால் முதலிலேயே இரும்பு முழுக்க ஷூ பாலிஷ் தடவிவிடுவார்கள். அந்த மலைப்பக்கத்தில் பால்பல் விழாத குழந்தைக்குக்கூட இது தெரியும். வெர்லின் எல்லா இடத்திலும் தடவிவிட்டு, வால் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டான். இனி அது கழல வேண்டுமென்றால் உறையவைத்து, இரும்பு சுருங்கின நேரம் பார்த்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

"நீதான் சாப்பிடக் கூப்பிட்ட. பாலிஷ் டப்பாவக் கீழ வச்சுட்டு வந்தேன். திரும்பிப் போனப்ப எங்க விட்டேன்னு மறந்துபோச்சு."

"ஆக, தப்பு என் மேல."

"தப்புன்னு நான் சொல்லல. நடந்ததச் சொன்னேன்."

கறிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, ஃப்ரீசரை அறைந்து மூடிவிட்டு மேலே போனாள். அந்தப் பொட்டலத்தில் ஷூ பாலிஷ் கறை இருந்தது.

வெர்லின் ஹாக்கன்பெரி ஆயுசில் பாதியைக் வீடுகளைச் சூடாக்கும் கணப்பு எண்ணெய் லாரியில் கழித்தவன். பென்சில்வேனியாவின் அந்த மலைமுகட்டு வீடுகளுக்கெல்லாம் பனியில் சங்கிலி மாட்டிய சக்கரத்தோடு ஏறி எண்ணெய் ஊற்றினவன். அவனால் ஒரு வீட்டிலாவது கணப்பு அணைந்தது என்று யாரும் சொன்னதில்லை. முட்டி போன பிறகு வண்டியை விட்டான். லாரி போனது, மிச்சம் இருந்தது துப்பாக்கி க்ளப். அங்கிருந்து வருடா வருடம் செப்டம்பரில் பக்கத்து மாவட்டத்தோடு மோத நாலு பேர் அணி ஒன்று போகும். வெர்லின் அதில் வெகுகாலமாக இருக்கிறான். லாரி இல்லாத வெர்லினை அவனால் ஒருவாறு சகித்துக்கொள்ள முடிந்தது. அணியில் இல்லாத வெர்லினை அவனுக்குத் தெரியாது.

மற்ற மூன்று பேரும் சொல்லிச் செய்த துப்பாக்கியோடு வருவார்கள். வெர்லின், மான் வேட்டைக் காலத்துத் தள்ளுபடியில் கடையின் மூலையில் கிடந்த மலிவான துப்பாக்கி ஒன்றை வாங்கினான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற சாதாரண ரகம். "காசு குடுத்து வாங்கறவன் வாடிக்கைக்காரன். கையால பண்றவன்தான் சுடறவன்" என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டே குடித்தனம் நடத்தினால்தான் தெரியும்.

அதன் பிளாஸ்டிக் கட்டை கையால் அமுக்கினாலே வளைந்தது. அதன் வயிற்றுக்குள் பழைய அம்புத் தண்டுகளை நறுக்கிப் போட்டுப் பசை ஊற்றி நிரப்பினான். பசை ஒழுகிய இடம் ஆர்டித்தின் ரொட்டிப் பலகை. கன்னம் வைக்கிற இடத்துக்கு உயரம் போதவில்லை என்று, அவள் தோட்டத்தில் முட்டி போட வைத்திருந்த மெத்தையை அறுத்து ஒட்டினான். ட்ரிக்கர் இலகுவாக வேண்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றப் போனான், அது துள்ளி ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது. ஃப்ரிட்ஜை நகர்த்தியதில் தரைவிரிப்பு கிழிந்தது. கனத்த புதுக் குழல் ஒன்று தபாலில் வந்தது. பழைய குழலைக் கழற்ற, சாப்பாட்டு மேஜையில் இடுக்கியைப் பூட்டி, நீளக் கைப்பிடி ஸ்பானர் போட்டு இழுத்தான். குழல் கழன்றது. மேஜைக் காலும் கழன்றது.

க்ளப்பில் யோசனைக்குப் பஞ்சமா? திருகை இறுக்கு என்றான் ஒருவன், தளர்த்து என்றான் இன்னொருவன். குழலைத் தினம் கழுவு, கழுவவே கழுவாதே. வெர்லின் எல்லாவற்றையும் கேட்டான், எல்லாவற்றையும் செய்தான். குண்டுகள் மட்டும் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டே இருந்தன.

காரணம் ஆர்டித்துக்குத் தெரியும். அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் மாதம் புதுக் கன்னமேடை ஒட்டிய சூட்டோடு, குறிபார்க்கிற ஸ்கோப்பையும் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டியிருந்தான். குப்புறப் படுத்துச் சுட்டான். துப்பாக்கி பின்னால் உதைத்தபோது ஸ்கோப்பின் இரும்பு விளிம்பு வந்து புருவத்தில் இடித்தது. பிறை வடிவத்தில் வெட்டு, முகமெல்லாம் ரத்தம். அன்றைக்கு க்ளப் மைதானத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். தையல் போட ஆர்டித்தான் வண்டி ஓட்டினாள். பாதி வழியில் அவன் வாயைத் திறந்தான்.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லு."

புருவத்தில் பிறை வாங்கினவனை அந்த க்ளப் சும்மா விடாது. கத்துக்குட்டிக்கு வருகிற காயம் அது. காபிக் குவளையில்கூடப் பிறை வரைந்து கொடுப்பார்கள். இத்தனை வருடம் வரைந்து கொடுத்தவனே வெர்லின்தான். சரி, அலமாரிக் கதவு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். ஸ்கோப்பையும் அவன் முன்னால் நகர்த்திவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் சுடும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குண்டு விழுந்த இடத்தைச் சொல்வது அவள் வேலை. இலக்கைப் பார்க்க வேண்டியவள் அவனையும் பார்த்தாள். விரல் ட்ரிக்கரை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் கண் இறுக மூடிக்கொள்கிறது. தோள் துள்ளுகிறது. துப்பாக்கி என்ன செய்யும், பாவம்.

ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "சுடறப்ப நீ கண்ண மூடறியோ?"

அவ்வளவுதான். வாரக் கடைசியில் அந்தக் கனத்த குழலுக்கு ஆர்டர் போய்விட்டது. அந்த மலையில் ஒருவனைக் குடிகாரன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லலாம், கடன்காரன் என்று சொல்லலாம். உதைக்குப் பயந்து வெடவெடக்கிறான் என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஃப்ரீசர் வைத்தியம் பலித்தது. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, இரும்பு கழன்று வந்தது. பாலிஷை வால்வரை தடவி மறுபடியும் பசை ஊற்றினான். அந்த வாரம் அணித் தலைவர் லாய்ட் க்ளைன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"வெர்லின், சனிக்கெழம முந்நூறு கஜம், அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரு கோழிமுட்டை அளவுக்குள்ள விழணும். விழலன்னா உன் இடத்த, அணிக்குக் காத்திருக்கற அந்தப் பையன் டானருக்குத்தான் குடுக்கணும். மனசுல வச்சுக்காத."

"முட்டையா? காடை முட்டையே வை" என்றான் வெர்லின். வண்டி போன பிறகு வாசலிலேயே வெகுநேரம் நின்றான்.

வெள்ளிக்கிழமை துணி துவைக்க நிலவறைக்கு இறங்கிய ஆர்டித்தின் கண்ணில் அவனுடைய தோட்டா மேஜை பட்டது. தோட்டாக்களை அவனே நிரப்பிக்கொள்வான். நீளம் சரிபார்க்க, மருந்தும் இல்லாமல், அடியில் பொறி கிளப்புகிற பொட்டும் இல்லாமல் ஒரு போலித் தோட்டா செய்து வைத்திருந்தான். அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். வெடிக்காத தோட்டாவை ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, உதைக்குப் பயந்து துள்ளுகிறானா என்று பார்ப்பது க்ளப்பின் பழைய சோதனை. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் செய்வார்கள். வெர்லினுக்கு யார் செய்வார்கள்?

சனிக்கிழமை காற்றே இல்லை. வெர்லின் பாயில் குப்புறப் படுத்தான். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுத்தான் சுடுவான். கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவான், ஆர்டித் தோட்டாவை வைப்பாள். லாய்ட் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் தள்ளி டானர் தன் துப்பாக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் குண்டு கீழே போனது. இரண்டாவது வலது ஓரம்.

"காத்து" என்றான் வெர்லின்.

மைதானத்துக் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. லாய்ட் கொடியைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவைப் பார்த்தார்.

மூன்றாவது இன்னும் கீழே.

"பசை சரியா இறுகல போல. இந்தக் கட்டையே சரியில்ல. வேற கட்டை போடணும்."

வேறு கட்டை! ஆர்டித்துக்குத் தலைக்கேறியது. மேஜை, தரைவிரிப்பு, ரொட்டிப் பலகை, மெத்தை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. இனி வேறு கட்டை, வேறு ஸ்கோப், வேறு குழல். கடைசியில் வீட்டையும் கழற்றுவான். ஆனால் அதுவா கோபம்? இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து பயந்து பயந்து, அந்தப் பயத்துக்கெல்லாம் இரும்பைப் போட்டு அடிக்கிறானே, அதுதான் தாளவில்லை. அவன் கை மறுபடியும் பின்னால் நீண்டது. போலித் தோட்டாவை வைத்தாள்.

அவன் போல்ட்டைத் தள்ளினான். மூச்சை விட்டான். விரல் அழுந்தியது.

'டிக்' என்றது. அவ்வளவுதான் சத்தம். ஆனால் குழலின் மூக்கு ஒரு விரற்கடை கீழே குத்தியது. தோள் துள்ளியது. வெடிக்காத துப்பாக்கியோடு வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது, தாமதித்து வெடித்தாலும் வெடிக்கும். அதனால் குழலை இலக்கைப் பார்த்தே வைத்துக்கொண்டு காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். டானர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அந்தப் பக்கம் போய்விட்டான். நல்ல பிள்ளை. பிறகு வெர்லின் போல்ட்டை இழுத்தான். தன் கையால் செய்த தோட்டா உள்ளங்கையில் வந்து விழுந்தது. திருப்பிப் பார்த்தான். பொட்டு இல்லாத வெறும் ஓட்டை.

"எப்ப இருந்து தெரியும்?" என்றான், திரும்பாமலே.

"தையல் பிரிச்ச நாள்ல இருந்து."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்! கேட்டேன்! நீ குழல மாத்தின!" அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "நான் என்னத்தச் சொன்னாலும் நீ எதையாவது கழட்டற. இன்னும் வீட்ல என்ன இருக்கு கழட்டறதுக்கு?"

லாய்ட் தொண்டையைக் கனைத்தார். "சரி விடு ஆர்டித். வெர்லின், துப்பாக்கியிலயும் ஏதாவது இருக்கலாம்..."

"இல்ல லாய்ட்." வெர்லின் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றிப் புருவத்தைக் காட்டினான். "அலமாரிக் கதவு இல்ல. ஸ்கோப். அதுலேர்ந்து எனக்குப் பயம்."

லாய்ட் சிரிக்கவில்லை. வெர்லின் சிரிப்பை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. அது வராததால் என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைச் சுற்றினான்.

"ஆர்டித், நீ சுடு."

"எனக்கெதுக்கு?"

"துப்பாக்கி எப்படின்னு எனக்குத் தெரியணும். எழவு, ஒரு தடவையாவது தெரியட்டும்."

நவம்பர் தவறாமல் மான் அடிக்கிறவள்தான் ஆர்டித். இலக்குப் பலகையைச் சுடுவது மட்டும் அவளுக்கு வேலையற்ற வேலை. பாயில் படுத்தாள். கன்னம் தன் தோட்டத்து மெத்தையின் மேல் பொருந்தியது. பொருந்தியது என்றால், அளவெடுத்த மாதிரி. கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். அவளுக்குக் கோபத்தில்தான் கை நிற்கும். ட்ரிக்கர் நினைத்தவுடன் விட்டுக்கொடுத்தது. கட்டை அசையவில்லை. ஐந்து குண்டையும் வரிசையாகச் சுட்டுவிட்டு எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

வெர்லின் தொலைநோக்கியில் குனிந்தான். நிமிரவேயில்லை. லாய்ட் பொறுக்காமல் அவனை நகர்த்திவிட்டுத் தானே பார்த்தார்.

"காடை முட்டைதான்" என்றார்.

முகம் தொங்கிப்போயிருக்கும் என்று நினைத்து ஆர்டித் அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கமும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது. அதற்கெல்லாம் மேலே அப்பட்டமான பெருமை இருந்தது.

"நல்லாப் பண்ணியிருக்கேன், இல்ல?"

வசவுகள் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. இவன் கழற்றினது, ஒட்டினது, பாழாக்கினது எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"நல்லாத்தான் பண்ணியிருக்க."

"லாய்ட், என் பேர எடுத்துட்டு இவ பேர எழுதிக்க."

"உன் இடம் எனக்கு வேண்டாம்!" என்றாள். இப்போது நிஜமாகவே அழுகை வந்தது, அதனால் இன்னும் எரிச்சலானாள். "வருஷக்கணக்கா நீ நின்ன இடம். டானருக்குக் குடு. யாருக்கு வேணா குடு. நான் போய் அங்க நிக்க மாட்டேன்."

வெர்லின் துப்பாக்கியை எடுத்துப் போல்ட்டைத் திறந்து, உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அதை அவள் கையில் வைத்தான்.

"உனக்குக் குடுக்கல. இதுக்குக் குடுக்கறேன். இது சம்பாதிச்ச இடம். நான் பயந்துட்டேங்கறதுக்காக இது ஏன் வீட்ல கெடக்கணும்?"