கள்ளிக்குள் மணல்

என் மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் ‘பிளேடு’ என்று பெயர். பேசி அறுப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வீட்டில் நான் இருக்கிறேன். இலை, தண்டு எதைக் கொடுத்தாலும் சவர பிளேடால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கிக்குத் தயார் செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். நான் அதே வளாகத்தில் செடி வளர்ப்பவன்.

சப்பாத்திக்கள்ளி வந்தது, வம்பும் கூடவே வந்தது. அவள் சீவிய ஒவ்வொரு துண்டிலும் பொடிப்பொடியாய் ஏதோ மின்னியது. பிளேடு நாலு சீவலுக்குள் மழுங்கிப் போனது. புதிதாக வந்த துறைத்தலைவர் பார்த்துவிட்டு, சீவல் கண்ணாடிகளை அடுக்கிய பெட்டிமேல் சிவப்பு மையில் ‘மணல்’ என்று எழுதினார்.

“கழுவாம அறுத்திருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா ஸ்டோருக்கு மாத்திடுவேன்” என்றார்.

ஸ்டோர் என்றால் காலி பாட்டிலைத் துடைத்து அடுக்கும் வேலை. அவளை அங்கே உட்காரவைப்பதா? ஆனால் அன்று வீட்டில் பூசை விழுந்தது எனக்குத்தான்.

“செடியைக் கழுவிக் குடுத்தது யாரு? நீங்கதானே.”

“மூணு தண்ணி விட்டுக் கழுவினேன்மா.”

“அப்போ மணல் வானத்துலேர்ந்து குதிச்சுதா?”

சமையலறை ஜன்னலில் ஒரு கள்ளி மடலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மண்ணில்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தான். அது தாங்கியதோடு நில்லாமல் ஒரு குட்டி மடலும் விட்டிருந்தது. அவளுக்கு அது கண்ணை உறுத்தும் குப்பை. கோபத்தில் நான் அதைக் காட்டினேன்.

“அந்தக் குட்டியை அறுத்துப் பாரு. பொறந்ததிலேர்ந்து அது மண்ணையே பார்த்ததில்ல.”

குட்டியைப் பறித்தாள், பிளேடை வைத்தாள். நறநறவென்று சத்தம். இருவருக்கும் கேட்டது.

“உள்ளேயே இருக்குங்க” என்றாள் மெதுவாக.

பிறகு இரண்டு நாள் பழைய செய்முறைப் புத்தகமும் கையுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலை துறைத்தலைவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தாள். நான் ஓரமாக நின்றேன். ஒரு கண்ணாடியில் நிஜ மணல், இன்னொன்றில் ஜன்னல் கள்ளியின் சீவல். இரண்டிலும் முதலில் வினிகர் ஒரு சொட்டு விட்டாள். எதுவும் நடக்கவில்லை.

“சுண்ணாம்புக்கல்லா இருந்தா நுரைச்சிருக்கும், சார். இது அதில்ல.”

அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். மணல் அப்படியே கிடந்தது. கள்ளிக்குள் இருந்த முள்ளு முள்ளான படிகங்களோ ஒரு குமிழிகூட விடாமல் கரைந்து காணாமல் போயின.

“நுரைக்காம கரைஞ்சா கால்சியம் ஆக்சலேட், சார். செடி தானே உள்ள சேர்த்து வெச்சுக்கறது. இது மண்ணையே தொடாத மடல்.”

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இன்னொரு சீவல் கேட்டார். அதுவும் கரைந்தது. சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

“தப்பா எழுதினது நான். நீங்களே திருத்துங்க. மிச்ச நாப்பது கள்ளியையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

அவள் ‘மணல்’ மேல் ஒரு கோடு இழுத்து, கீழே ‘படிகம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தாள்.

“நீங்க நல்லாத்தான் கழுவியிருக்கீங்க.”

கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த வேலையை அவள் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.