பஸ்ஸில் எடுத்த கருத்துக்கணிப்பு

ஜீவானந்தம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக உதிரிபாகம் சோதிப்பவர். பெட்டிக்கு ஐந்து எடுத்துப் பார்த்தே முழுப் பெட்டியும் தேறுமா என்று சொல்லிவிடுவார். கத்தரிக்காய் வாங்கினாலும் அதே முறைதான்.

ஏரி மண்ணைத் திருடி விற்ற வழக்கில் சிக்கியிருந்த ஊராட்சித் தலைவர் இந்தத் தேர்தலிலும் நின்றார். எதிர்த்து நின்றது ஜீவானந்தத்தின் மனைவி மஹாலட்சுமி. அவள் ஜெயிப்பாளா என்று தெரிந்துகொள்ள, கம்பெனி பஸ்ஸில் வரிசைக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரிடம் கேட்டார். அத்தனை பேரும் தலைவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

"மஹா, அந்தாளு காலி. நீதான் தலைவர்!"

"கேட்டியே, அவங்கள்லாம் எந்த ஊரு?"

"நாலு பேரு தென்காசி, மூணு பேரு சிவகங்கை..."

"யோவ், அவங்களுக்கு இங்க ஓட்டு கீதாய்யா?"

வாக்காளர் பட்டியலைக் கையில் திணித்து அனுப்பினாள். முதல் வீடு அவருடைய அண்ணன் கோதண்டராமனுடையது.

"திருடினது தப்புதான்டா. உன் வூட்டுக்காரியும் நல்லவதான். ஆனா என் மனைக்கு ஆறு லோடு மண்ணு சும்மா கொட்டினாரே, அவருக்குப் போடாம எப்புட்றா?"

ஜீவானந்தம் தெருவைப் பார்த்தார். கடைசி வீடு வரை எல்லா மனையும் ரோட்டைவிட இரண்டடி உயர்ந்திருந்தது.