வளையத்துக்கு வெளியே கோபால்ட்

பிடோக்கிலிருந்து தினமும் ரயிலேறி வரும் வசந்தகுமாரிக்கு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம். படிப்பு டிப்ளோமாதான். ஆனால் எந்தக் கரைசல் எப்போது முரண்டு பிடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

கிரௌன் ஈதர் ஒரு வளைய மூலக்கூறு. அதன் நடுவே கோபால்ட்டை உட்கார வைத்துவிட வேண்டும் என்று ஏழு மாதமாகப் போராடினாள். வளையத்துக்கு ரொம்பப் பிடித்தமான பொட்டாசியத்தை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை. அப்படியும் குடுவையில் அதே இளஞ்சிவப்புக் கரைசல்தான். ஒரு படிகம்கூட இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த திவ்யதர்ஷினி மூன்றே வாரத்தில் நீலப் படிகம் வளர்த்துவிட்டாள். படிகத்தின் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே கருவியில் வாரத்துக்கு ஒரு மாதிரிக்குத்தான் இடம். பேராசிரியர் நடேசன் அதையும் அவளுக்கே கொடுத்தார்.

"அக்கா, தேக்கா மார்க்கெட்டுல அப்பம் வாங்கிட்டு வந்தேன், சாப்பிடுங்க."

"வயிறு சரியில்லமா."

வயிறு நன்றாகத்தான் இருந்தது. எரிந்தது வேறு.

அவள் போனதும் ஒரு துளி படிகத்தைக் கம்பி முனையில் எடுத்துச் சுடரில் காட்டினாள் வசந்தகுமாரி. நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் செவ்வூதா. பொட்டாசியம்! விவரம் தெரியாமல் கலந்திருக்கிறாள். வளையத்துக்குள் இருப்பது கோபால்ட்டே இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை திரையில் படம் விழுந்தது. வளையத்தின் நடுவில் பொட்டாசியம், வெளியே தனியாகக் கோபால்ட். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கும் என்று வசந்தகுமாரி காத்திருந்தாள்.

"வேணும்னேதான் பொட்டாசியம் போட்டேன் சார்," என்றாள் திவ்யதர்ஷினி. "கோபால்ட் உள்ள போகாதுன்னு வசந்தாக்கா நோட்டுலயே இருக்கே! அதான் வெளியவே நிக்க வச்சுட்டேன்."

நடேசன் சிரித்தார். "அப்ப கட்டுரைல வசந்தா பேரையும் போட்டுடலாம் லா. ரெண்டாவதா."

ரெண்டாவதா. எல்லாரும் கைதட்டினார்கள், வசந்தகுமாரியும் தட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் நேரே தன் மேசைக்கு வந்தாள். ஏழு மாத இளஞ்சிவப்பைக் கழிவுக் கலனில் ஊற்றினாள். பொட்டாசியம் உப்புப் பாட்டிலை எடுத்தாள், பக்கத்திலேயே நிக்கல் உப்பையும். தராசில் நிறுக்கத் தொடங்கினாள். கோபால்ட் நின்ற இடத்தில் நிக்கலும் நிற்குமா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

"என்னக்கா பண்றீங்க?" பின்னால் திவ்யதர்ஷினி.

வசந்தகுமாரி உடம்பால் தராசை மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லமா. குடுவை கழுவுறேன்."