செபமாலையின் தலையணைச் சோதனை

“ஒரு நிமிசம் இருங்க சார், ஒங்க முன்னாடியே பாத்துர்றேன்.”

பெட்டியைத் தூக்கி, செருப்பை மாட்டியாயிற்று. ஆனாலும் செபமாலை நம்மை வாசல் தாண்ட விடமாட்டார். முதலில் தலையணை. அதன் உறைக்குள் கைவிட்டுத் துழாவுவார். பிறகு மெத்தையின் ஓரம், மேசை இழுப்பறை, கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கி, கடைசியாகக் குளியலறை. பாதி தேய்ந்த சோப்பைக்கூட எடுத்துவந்து, “இது வேணுமா, போட்ரவா?” என்று கேட்பார். “சரி சார், போய்ட்டு வாங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் நமக்கு விடுதலை.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு லாட்ஜில் இரண்டாவது மாடி அறைகளைச் சுத்தம் செய்வது இந்த அம்மாவின் பொறுப்பு. வயது ஐம்பத்தைந்து இருக்கும். கீரனூர்ப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் விற்பவன். பதினெட்டு வருடமாக மாதம் இரண்டு நாள் அங்கே தங்குகிறேன். ஒருமுறை மாதிரி எலும்புக்கூட்டைக் கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் அறை பளிச்சென்று இருந்தது. எலும்புக்கூட்டுக்குக் கழுத்துவரை போர்வை. கேட்டதற்கு, “பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு சார், பாவம்” என்றார்.

முதல் தடவை தங்கியபோது, நாகரிகம் என்று நினைத்துத் தலையணைக்கடியில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுக் கிளம்பினேன். திருச்சி பஸ் நகரப்போகும் நேரத்தில் மூச்சிரைக்க ஜன்னலோரம் வந்து நின்றார். “பணத்த மறந்துட்டுப் போறீங்களே சார்!” அது உங்களுக்குத்தான் என்றதும் முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதிக் கோபம். “அதக் கையில குடுக்குறதுக்கென்ன? ரெண்டு மாடி எறங்கி ஓடியாந்துருக்கேன்!”

அப்போதெல்லாம் தங்க வருகிறவர்களிடம் சில்லறை இருந்தது. கூடவே கொஞ்சம் பேச்சும் இருந்தது. கறம்பக்குடியிலிருந்து நிலத்தகராறு வாய்தாவுக்கு முதல்நாளே வந்துவிடும் அய்யாக்கண்ணு, கிளம்பும்போது பத்து ரூபாயை மடித்து செபமாலை கையில் வைத்து, “வெத்தலைக்கு வச்சுக்க ஆத்தா” என்பார். “செயிச்சுட்டு வாங்கய்யா” என்று இவர் வழியனுப்புவார். வழக்கு பதினோரு வருடம் நடந்தது. வெற்றிலை போடாத செபமாலையும் பதினோரு வருடம் வெற்றிலைக்காசு வாங்கினார். இப்போது வருகிறவர்கள் கைப்பேசியை எடுத்து, “நம்பர் சொல்லுங்கக்கா” என்கிறார்கள். இவரிடம் இருப்பது பட்டன் போன். “பரவால்ல தம்பி, போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார். அந்தப் பத்து ரூபாயையும் அதோடு வந்த வார்த்தையையும் நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சோதனைப் பழக்கம் எட்டு வருடத்துக்கு முன் வந்தது. காலி செய்துபோன ஒருவர், மோதிரத்தைக் காணோம் என்று பாதி வழியிலிருந்து போன் செய்தார். செபமாலையை வரவேற்பு மேசை முன்னால் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். “சோத்து டப்பாவத் தொறந்து, கரண்டிய விட்டுக் கிளறிப் பாத்தாக சார்” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். மோதிரம் அந்த மனிதரின் சட்டைப்பையிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்று சொல்லும் ஊர். அதனால்தான் அன்றிலிருந்து ஆள் இருக்கும்போதே அறையைப் பார்த்துவிடுகிறார்.

அதிலும் ஒரு வினை இருந்தது. வாசலை விட்டு நகராத பெண்ணைப் பார்த்தால், புதிதாக வந்தவனுக்கு வேறு அர்த்தம்தானே தோன்றும்? போன மாதம் ஒரு புண்ணியவான், ‘அறை சுத்தம். ஆனால் டிப்ஸுக்காக வழியை மறிக்கிறார்கள்’ என்று லாட்ஜைப் பற்றி இணையத்தில் எழுதிவிட்டார். புது மேனேஜர் வசந்தகுமார் எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். நானும் சாவி வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

“இனிமே கெஸ்ட் கீழ எறங்குனப்பறந்தான் நீங்க ரூமுக்குள்ள போகணும். இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, வேலைக்கு வர வேண்டியதில்ல.”

“ஏதாவது காணாமப் போச்சுன்னா, தம்பி?”

“அதான் வராந்தாவுல கேமரா மாட்டியிருக்கோம்ல.”

செபமாலை என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க சார், நான் என்னைக்காவது கை நீட்டியிருக்கேனா?” இல்லை என்றேன். “நீங்க பழகுனவங்க சார்” என்று சிரித்து முடித்துவிட்டார் வசந்தகுமார். நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை நான் அறையைக் காலி செய்தபோது யாரும் என்னை நிறுத்தவில்லை. மாடி வராந்தாவின் கோடியில், அழுக்குப் போர்வைக் குவியலுக்குப் பக்கத்தில், என்னைப் பார்க்காதவர்போல நின்றிருந்தார் செபமாலை. நானே போய் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

“இங்க வேணாம் சார். இங்கிட்டு வாங்க.”

கேமராவுக்கு மறைவான இடத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் போனேன். வராந்தாவின் நடுவில் போய், அந்தக் கறுப்புக் கண்ணுக்கு நேர் கீழே நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வலது கையை நீட்டினார்.

“இப்பக் குடுங்க.”

கொடுத்தேன். அவர் தாளை விரல்களுக்கிடையில் உயர்த்திப் பிடித்தார். பிறகு, வெறுமையாக இருந்த இடது கையையும் மேலே தூக்கி, ஐந்து விரல்களையும் நன்றாக விரித்துக் காட்டினார்.