அக்காவின் பாய்மரமும் அப்பாவின் டிராக்டர் டியூபும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர், கோவிந்தாபுரத்துத் தோட்டத்தில் மோட்டார் ரூம் சாவியோடு திரிந்த பெண்ணாக அக்காவை அறிவீர்கள். மீதிப் பேர், சூரியநெல்லியில் தேயிலை ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட மேடமாக அறிவீர்கள். படகு விஷயத்தை மட்டும் எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். "மலை மேல படகு உடறாளாமா" என்று கல்யாண வீடுகளில் சிரித்தும் இருப்பீர்கள். ஆகவே அதைத்தான் நான் எழுதப் போகிறேன். "மரியாதையா 'அவர்'னு போட்டு எழுது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

அக்கா கோவிந்தாபுரத்தில், எங்கள் கடலைக்காட்டை ஒட்டிய வீட்டில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். கிணறு வற்றிய வருடங்களில் அப்பாவோடு சேர்ந்து மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டு, நகத்தில் கிரீஸ் போகாமலே கோவைக்கு பஸ் ஏறி இன்ஜினியரிங் படித்தார். கூடி வந்த ஒரு வரன், "வேலையை விட்டால்தான்" என்று நிபந்தனை போட்டபோது, பலகாரத் தட்டை அவர்கள் பக்கமே நகர்த்தி வைத்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எதையும் திறந்து பார்க்காமல் "முடியாது" என்று சொல்லாத குணம் அவருடையது. வரன் விஷயத்திலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

சூரியநெல்லிக்கு வேலைக்குப் போன மூன்றாம் வருடம், கொச்சியில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகு ஒன்றை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார். பக்கத்து அணையின் நீரில் ஓட்ட அனுமதி வாங்குவதற்கு அவர் நடந்த நடையைத் தனி மலராகப் போடலாம்.

அப்பா போனில் கேட்டார்: "ஏம்மிணி, நம்மூர்ல குடிக்கவே தண்ணி பாத்துப் பாத்துத்தான் வருது. உனக்கு எதுக்குப் படகு?"

"அதனாலதானுங்கப்பா. தண்ணி இருக்கற எடத்துக்கு வந்திருக்கேன். கரையில நின்னு பாத்துட்டே இருக்கச் சொல்றீங்களா?"

அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் படகைப் பார்க்க வந்த அன்று மழை. உள்ளே சின்ன அறையில் இருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்தார். எழுந்தபோது சேலை ஈரம். "ஏனுங்க, ஒழுகற ஊட்டுல புள்ளயக் குடி வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்று அப்பாவிடம் முறையிட்டார்.

தென்மேற்குப் பருவமழையை அந்த மலையில் எடவப்பாதி என்பார்கள். அதை வைத்தே அப்பா தீர்ப்பு சொன்னார். "வர்ற எடவப்பாதி மழை முச்சூடும் உள்ள ஒரு சொட்டு எறங்கக் கூடாது. எறங்குச்சுன்னா வித்துப்போடோணும். சரியா?"

"சரிங்கப்பா" என்றார் அக்கா. அப்பாவிடம் ஒப்புக்கொண்டதை அக்கா மீறியதில்லை. படகு போய்விடுமோ என்று பயந்தது நான்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படகில் பாய்மரம் மேல்தளத்தின் மீது நிற்பதில்லை. மேல்தளத்தில் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, அறையைக் கடந்து, படகின் அடிக்கட்டையில் போய் உட்காருகிறது. அந்த ஓட்டையைச் சுற்றி உலோக வளையம். மரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மழை அங்கேதான் இறங்கும் என்பது எங்கள் கணக்கு. அக்காவோடு சூரியநெல்லியில் தங்கியிருந்த நான், அவர் ஆலையில் இருந்த ஒரு நாள் முந்திக்கொண்டு இடைவெளி முழுக்கப் பசையை அப்பி, இறுகவிட்டேன். அடுத்த ஞாயிறு காற்றில் பாய் விரித்ததும் மரம் லேசாக அசைந்தது. பசை பப்படம் போல் பிளந்தது.

"காத்து புடிச்சா மரம் அசையத்தான் செய்யும். அசையறதை அசைய உட்டு மூடோணும்" என்றார் அக்கா. அப்படி நீளக்கூடியது ரப்பர்தான். அப்பாவின் டிராக்டர் முன் டயரின் பழைய டியூபில் ஒரு முழ நீளம் குழாயாக வெட்டிக் கொண்டுவந்தோம். இழுத்து, மடித்து, அழகு பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. மரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளையெல்லாம் கட்டியாகிவிட்டது.

ஆலை ஃபிட்டர் அண்ணன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மேடம், மரத்த நிறுத்துததுக்கு முந்தியில்லா சட்டை மாட்டணும்! இனி உச்சியில ஏறியா பனியன் போடப் போறிய?"

"சிரிச்சது போதும், அண்ணா. வந்து ஒரு கை புடிங்க" என்றார் அக்கா. மறுபடி மரத்தை இறக்கி, டியூபை மாட்டி, நிறுத்தினோம். மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. டியூப் முதலில் உட்புறம் வெளியே தெரிய, மேல்நோக்கி நிற்க வேண்டும். அதன் கீழ் விளிம்பை மரத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, மீதியை முழுக்கைச் சட்டையை இறக்கிவிடுவது போல மடித்து இறக்கி, வளையத்தின் மேல் இன்னொரு கிளாம்ப் போட வேண்டும். மேல் கிளாம்ப் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மழை வழுக்கி வெளியே போய்விடும்.

ஆனால் மரத்தடியில் ஈரம் வருவது நிற்கவில்லை. நான் வெறிபிடித்தவள் போல மரத்தின் அடியிலும் பசை அப்பினேன். கண்ணில் பட்ட சந்துபொந்தையெல்லாம் அடைத்தேன். பெஞ்சு முன்னைவிட அதிகமாக நனைந்தது.

ஆயுத பூஜை வந்தது. அம்மா சூரியநெல்லிக்கு வந்து, தோட்டத்து மோட்டாருக்குச் செய்வது போலவே, அறைக்குள் நின்ற மரத்துக்கு நாலு பக்கமும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அடியில் பச்சரிசி மாவில் சின்னக் கோலம் போட்டார். அன்று விடிய விடிய வடகிழக்குப் பருவத்துத் துலாவர்ஷ மழை. காலையில் திறந்தால் கோலம் கரைந்து பெஞ்சுக்கடியில் பால் போல ஓடிக்கொண்டிருந்தது.

"டியூப் போச்சுக்கா!" என்று கத்தினேன். அம்மா, "நான் கோலம் போட்டதே தப்பாயிருச்சோ" என்று கையைப் பிசைந்தார்.

அக்கா கோலத்தைப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டார். "அம்மா, நீங்க வெச்ச பொட்டு நாலும் அப்படியே இருக்குதுங்க" என்றார்.

டியூப் வழியாகத் தண்ணீர் வந்திருந்தால் மரத்தில் வழிந்து குங்குமம் கரைந்திருக்கும். கரையவில்லை. எங்கள் பாய்மரம் அலுமினியக் குழாய். உச்சியில் கயிறு நுழையும் துளைகளில் இறங்கிய மழை, குழாய்க்குள்ளேயே கீழே வந்து, அடியில் உள்ள சின்னத் துளை வழியாகப் படகின் அடிப்பள்ளத்தில் விழ வேண்டும். அங்கிருந்து நாங்கள் இறைத்துவிடுவோம். அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்த புண்ணியவதி நான்தான். போக வழியில்லாத தண்ணீர் குழாய்க்குள் ஏறி, பொட்டுக்குக் கீழே உள்ள போல்ட் இடுக்கில் கசிந்து பெஞ்சில் விழுந்திருக்கிறது.

அக்கா திட்டவில்லை. "நீ ரொம்ப நல்லா அடைச்சிருக்கே, கண்ணு. அதுதான் தொந்தரவு" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரால் துளையைத் திறந்தார். விஷயத்தைக் கேட்ட அப்பா போனிலேயே, "மடை வெக்காம வரப்புப் போட்டிருக்கறா பாரு, வெவசாயி மக!" என்றார். இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் நோய் என்றார்கள். கோவை மருத்துவமனையில் இருந்தபோதே எடவப்பாதி பிடித்துக்கொண்டது. பெஞ்சின் மேலும் கீழும் செய்தித்தாள் விரித்துப் படகைப் பூட்டியிருந்தேன். மூன்று வாரம் கொட்டிய பிறகு, "போய் எடுத்துட்டு வா. நனைஞ்சிருந்தாலும் எடுத்துட்டு வா" என்றார் அக்கா.

கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். அப்பா அந்தத் தாளை விரித்தார். சரசரவென்று சத்தம் வந்தது. உள்ளங்கையால் நாலு மூலையும் தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "விக்க வேண்டாம்" என்றார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கப்பா. நர்ஸம்மா சாட்சி" என்றார் அக்கா. அன்று அந்த வார்டே சிரித்தது. பதினோரு நாள் கழித்து, ஆடியில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

அவருக்காக ரத்தம் கொடுக்க மலையிலிருந்து வேன் பிடித்து வந்த ஆலைத் தொழிலாளர்களை எங்கள் குடும்பம் மறக்காது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் தூக்குவாளி தூக்கி வந்த கோவிந்தாபுரத்துச் சொந்தங்களுக்கும், இந்த ஓராண்டும் வாரம் தவறாமல் படகில் தண்ணீர் இறைத்த ஃபிட்டர் அண்ணனுக்கும் நாங்கள் கைகூப்புகிறோம்.

ஒன்று பாக்கி. வெயிலில் ரப்பர் வெடிக்கும். வருடம் ஒருமுறை டியூபை மாற்ற வேண்டும். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, மழைக்கு முன்பே ஒரு நாள் அவரே பையோடு சூரியநெல்லியில் வந்து இறங்கினார். பைக்குள் அளவாக வெட்டிய டியூப். ஃபிட்டர் அண்ணனும் நானும் மரத்தை இறக்கினோம்.

"அப்பா, உட்புறம் வெளிய வரோணும்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் போ அம்மிணி. உங்கக்கா ஆஸ்பத்திரியில தலகாணி உறையைக் கழட்டி, மடிச்சு மடிச்சுக் காட்டிக் குடுத்துட்டுத்தான் போனா" என்றார்.

அவரே மாட்டினார். அவரே மடித்து இறக்கினார். இரண்டு கிளாம்பையும் அவரே இறுக்கினார்.

இந்த மழைக்கும் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறோம். சூரியநெல்லிப் பக்கம் வருகிறவர்கள் அவசியம் படகுக்கு வாருங்கள். கல்யாண வீட்டில் சிரித்தவர்களும் வரலாம். நல்ல சேலையே கட்டிக்கொண்டு வரலாம். பெஞ்சு காய்ந்திருக்கிறது.

— தங்கை