ஐம்பது நிமிடத்தில் கட்டிக்கொடுத்த பெண்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவருக்குச் ‘சம்பந்தி’ என்று பட்டப்பெயர். மகள் வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து விமானம் வந்து இறங்கியதும் கூட்டாளிகள் கூவுவார்கள்: “சம்பந்தி வீட்டு வண்டி வந்துடுச்சு! ஓடுங்க, ஓடிப்போய் வரவேற்புக் குடுங்க!” அவரும் சிரித்துக்கொண்டே ஓடுவார்.

சம்பந்தம் பேசியபோது மனைவி தயங்கினாள். “அவ்வளவு தூரத்துலயா குடுக்கப்போறோம்?”

“தூரமா? அம்பது நிமிஷம்டி. இங்க ஏத்துற பெட்டி, என் கைவலி ஆறுறதுக்குள்ள அங்க இறங்கிடும்.”

பொய் சொல்லவில்லை மனிதர். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் பேருந்தில் போய்வந்து தூரத்தைக் கணக்குப் போட்டிருப்பான். இவர் வாழ்நாளெல்லாம் விமானத்தை வைத்தே அளந்து பழகியவர். பெட்டிக்கு ஐம்பது நிமிடம் சரிதான். பெட்டி தூக்குகிறவனுக்கு மூன்று பேருந்து மாறி, மலையைச் சுற்றி, ஓர் இரவும் ஒரு பகலும். கல்யாணத்துக்குப் போனதோடு சரி. பேத்தி பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்ததெல்லாம் தொலைபேசி வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மகள் சொன்னாள்: “அப்பா, இவ போனைக் கண்டாலே ‘தாத்தா’ங்கிறா. தாத்தான்னா இந்தப் பொட்டிதான்னு நெனச்சிட்டிருக்கா போல.”

அவள் சிரித்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனார். காலி இருக்கை இருந்தால் ஊழியர்கள் சும்மாவே போய்வரலாம். அந்த விமானத்தில் பாதி இருக்கை காலியாகத்தான் பறக்கும். அது இவருக்குத் தெரியாததா?

“அது நிரந்தர ஊழியருக்குங்க. நீங்க ஒப்பந்த ஆளு. விதியில இடமில்ல,” என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான், நாற்காலியெல்லாம் போட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள்: “நம்ம விதி அப்படி.”

அன்றிரவு அந்தச் சொல் அவரைக் குடைந்தது. தலையில் எழுதிய விதி என்றால் அழுதுவிட்டுப் படுக்கலாம். ஆனால் மேலாளர் சொன்னது தாளில் எழுதியது. எவனோ ஒருவன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். பெட்டி பறக்கலாம், அதைச் சுமக்கிறவன் பறக்கக்கூடாது என்று ஒரு மனிதன் எழுதியதற்குத் தான் ஏன் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும்?

காலையில் மேஸ்திரியிடம் போய், “ஒரு வாரம் வரமாட்டேன்,” என்றார்.

“திரும்பி வர்றப்ப வேலை இருக்காது, பாத்துக்க.”

“பெட்டி இருக்கும்ல? அதைத் தூக்க ஆளு வேணும்ல? வந்து பேசிக்கிறேன்.”

மறுநாள் அந்தி சாயும்போது, முதுகு ஒடிந்து, சட்டையெல்லாம் புழுதியாக மகள் வீட்டு வாசலில் நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. அவர் இரண்டு கையையும் நீட்டியதுதான் தாமதம், வீறிட்டு அலறி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“புது முகம்லப்பா. பழகக் கொஞ்சம் நேரமாகும்.”

“ஆகட்டும்மா,” என்று நீட்டிய கையை மெல்ல இறக்கி, குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதிர்ச்சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.