வைரஸுக்குப் பயந்த இன்பமணி அக்கா

இன்பமணி அக்காவை ஏமாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவன் எவனும் இல்லை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் மீன்காரனிலிருந்து லிஃப்ட் ரிப்பேர் செய்ய வருபவன் வரைக்கும் இதைச் சொல்வார்கள். நானும் ஜெபிஷாவும் நர்ஸுகள். அக்காவின் ஃப்ளாட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். அதனால் நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, ஒரு கட்டத்தில் ரசிக்கவும் செய்தேன்.

அக்கா நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி, ஏ.சி. டெக்னீஷியனான தேவசுந்தரம் அண்ணனோடு குவைத்துக்கு வந்தாள். குவைத்தில் வருமான வரி கிடையாது. ஆனால் ஊர் வங்கியில் டெபாசிட் போட்டால் வட்டியில் வரியைப் பிடித்துவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் இந்தியாவில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். நைட் டூட்டி முடிந்து கண் சொருகி நிற்கும் நர்ஸுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? ஜூன், ஜூலை மாத வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு கூட்டமே அக்காவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

யாருக்கு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். கட்டிய புருஷனுக்குத் தெரியாததும் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. அந்த நம்பிக்கைதான் அவள் தொழில். வேறு போர்டு எதுவும் அவள் மாட்டி வைக்கவில்லை.

2008-இல் அக்காவின் மெயிலில் கேட்காத குப்பையெல்லாம் வந்து விழ ஆரம்பித்தது. 'வரி ஆலோசகரே, உங்கள் வாடிக்கையாளர்களை இரட்டிப்பாக்குகிறோம்' என்று ஒருவன். 'இலவச சாஃப்ட்வேர், இணைப்பைத் திறக்கவும்' என்று இன்னொருவன். 'கட்டையில போறவனுவ' என்று அக்கா திட்டுவாள். ஆனால் அழிக்கவும் மனசு வராது. வருமான வரித் துறையின் நிஜமான மெயில் ஒன்று அந்தக் குப்பைக்குள் கிடந்து தொலைந்தால்? திறக்கவும் பயம். வைரஸ் புகுந்து நர்ஸுப் பிள்ளைகளின் விவரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டால்?

வழி சொன்னவன் கிளிட்டஸ். எங்கள் தெருவிலேயே டைப்பிங், இன்டர்நெட் கடை வைத்திருந்தான். அக்காவின் ஊர்ப்பக்கத்துக் கடற்கரைக்காரன். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன்.

"யக்கா, சந்தேகமான மெயில வீட்டுல திறக்காதீங்க. நம்ம கடைக்கு வாங்க. நல்ல ஆன்டிவைரஸ் கெடக்கு. வைரஸ் வந்தா என் மெஷினோட போட்டும்."

எவ்வளவு நல்ல பையன்! அக்கா வாரம் தவறாமல் போய், அவன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவன் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டர் மாசு படாமல் இருந்தது.

ஆகஸ்டில் ஜெபிஷாவின் தலையில் இடி விழுந்தது. சம்பளத்தையெல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறவள் அவள். அப்பா அதை அப்படியே அண்ணனின் கடனுக்குக் கொட்டுவார். தன் கல்யாணத்துக்காக அவள் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு டெபாசிட் போட்டிருந்தாள். ஒருநாள் குளச்சலில் அவள் வீட்டு வாசலில் ஒரு வீட்டுமனை விற்பனைக்காரன் வந்து நின்று, "உங்க மகளுக்கு டெபாசிட் முடியப் போகுது, எங்க பிளாட்ல போடுங்க" என்று அப்பாவிடமே சொல்லியிருக்கிறான். அப்பா போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் அழுதான், அம்மா சாபம் விட்டாள். அந்த வாரமே டெபாசிட்டை உடைத்து அனுப்பினாள் ஜெபிஷா.

பிறகு அக்காவின் முன்னால் போய் நின்றாள். "ஒங்களுக்கு மட்டுந்தானே தெரியும்? எத்தன ரூவாய்க்கு வித்திய?"

மற்ற நர்ஸுகளுக்கும் அதே மனை விற்பனை மெயில்கள் வந்திருந்தன, அவரவர் வங்கியின் பெயரைச் சரியாகச் சொல்லி. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருத்தியும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "கமிஷன் நல்லா கெடச்சுதா?" என்று ஒரு குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எவன்னு கண்டுபிடிச்சு அவன் தோல உரிக்கேன் பாரு சந்தியா" என்றாள். போலீஸ் வேண்டாம், விசா வம்பாகிவிடும் என்றார் தேவசுந்தரம் அண்ணன். "போலீஸ் எதுக்கு? நான் போதும்" என்றாள் அக்கா.

அவள் யோசித்தது ஆடிட்டர் ஆபீஸ் யோசனை. மெயிலைத் திறப்பது இரண்டே இடத்தில்தான். ஒன்று வீடு, மற்றது கிளிட்டஸ் கடை. புதிதாக ஒரு மெயில் ஐடியைத் தொடங்கினாள். அதற்கு அண்ணனின் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் அனுப்பச் சொன்னாள். அருணா என்ற நர்ஸ், பெரிய டெபாசிட், அப்பாவின் விலாசம் மார்த்தாண்டம். விலாசம் அக்காவின் சொந்த அக்கா வீடு. அருணா என்று ஒருத்தியே கிடையாது. அந்த மெயிலை வீட்டில் ஒருமுறைகூடத் திறக்காமல், கிளிட்டஸ் கடையில் மட்டும் திறந்து பார்த்துவிட்டு, டீ நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தாள்.

அந்த மாதமே மார்த்தாண்டத்திலிருந்து போன் வந்தது. அருணாவின் அப்பாவைத் தேடி ஒருவன் வந்திருக்கிறான். உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக் கேட்டதில், குவைத் ஏஜென்டின் பெயரையும் பெருமையாகச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கோயில் ஷெட்டில் எல்லோரும் டீக்கு நின்றபோது அக்கா கூப்பிட்டாள்.

"லே கிளிட்டஸ், அருணாவத் தெரியுமா?"

"எந்த அருணா யக்கா?"

"நான் இட்டுக்கட்டுன அருணா. ஒன் கடக் கம்ப்யூட்டர தவுர ஒலகத்துல எங்கயும் இல்லாதவ. அவ அப்பனத் தேடி எங்க அக்கா வீட்டுக்கு ஆளு வந்தான். ஏஜென்டு கிளிட்டஸ்னு ஒன் பேரயும் சொன்னான்."

"வைரஸா இருக்கும் யக்கா..."

ஷெட் முழுக்கச் சிரித்தது. ஜெபிஷா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவின் பெயர் திரும்பி வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிளிட்டஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு டெபாசிட்டு வெளிய தெரிஞ்சதுல என்ன, குடியா முழுகிப் போச்சு?" என்றான்.

அக்காவின் முகம் மாறியது. கூட்டத்தில் நின்ற கிளிட்டஸின் அண்ணன் சூசைமிக்கேலைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியைக் குவைத்துக்கு அனுப்பத் தன் வள்ளத்தை விற்றுவிட்டு, இங்கே எவனுடைய படகிலோ மீன் பிடிக்கிற மனுஷன் அவர்.

"அண்ணே, ஒங்க தம்பி நாகர்கோவில்ல ரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கான். வருசா வருசம் நான்தான் ரிட்டர்ன் போடுகேன். கட நஷ்டம்னுதானே ஒங்ககிட்ட சொன்னான்?"

சூசைமிக்கேல் டீ கப்பைக் கீழே வைத்தார். "லே, அம்ம ஆஸ்பத்திரிக்குப் போவ வழியில்லாம கெடந்தப்பவும் ஒனக்கு வாடக வந்துதா?"

கிளிட்டஸ் தலை குனிந்தான். அண்ணன் விட்ட அறையில் அவன் கண்ணாடி தெறித்து ஓடியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. நல்லா வேணும் என்று சத்தமாகவே சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கடையைக் காலி செய்துவிட்டு சவுதியில் அல் கோபாருக்கு ஓடிப்போனான்.

அடுத்த ஜூன் வந்தது. அக்கா மேசையைத் துடைத்து, பக்கத்து வீட்டிலிருந்தும் நாற்காலி வாங்கிப் போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. டூட்டியாக இருக்கும் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஜெபிஷா அறையிலிருந்து கையில் காகிதங்களோடு வெளியே வந்தாள். அக்கா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜெபிஷா உட்காரவில்லை.

"ஃபஹாஹீல்ல ஒரு மலையாளி ஆடிட்டர் இருக்காரு அக்கா. அவருகிட்ட போறேன்."

"நான் வித்தேன்னு இன்னமும் நெனைக்கியா மக்ளே?"

"அய்யோ, இல்லக்கா. கிளிட்டஸ்தான்னு ஊருக்கே தெரியும்." ஜெபிஷா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா அவனுக்கு ரண்டு வீடு இருந்தது எங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நாளைக்கு என் மேல ஒங்களுக்கு ஒரு கோவம் வந்தா?"

ஜெபிஷா செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அவளுக்காக இழுத்துப் போட்ட நாற்காலியில் அக்காவே உட்கார்ந்தாள். "அவன் இப்ப இங்க வந்து நின்னாலும் அந்த ரண்டு வீட்டுக் கதைய நான் சொல்லத்தான் செய்வேன் சந்தியா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.